நரம்பே அல்லாத ஒரு செல்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. பேச்சு பிந்துவது உலகத்தில் இல்லாததா என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறொன்று இருந்தது. கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள். அடுக்களையிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிடுவேன். அவள் முற்றத்து மதிலோரம் உட்கார்ந்து கல்லைக் கல்லோடு உரசிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் போய் முகத்தைப் பிடித்துத் திருப்பினால், பார்வை என் காதைத் தாண்டி எங்கோ போகும். காதில்தான் கோளாறோ என்று நாகர்கோவிலில் சோதித்துப் பார்த்தோம். காது நன்றாக இருந்தது. பிஸ்கட் கவரைப் பிரித்தால் இரண்டு அறைக்கு அப்பாலிருந்து ஓடிவருவாள். அவளுக்குக் கேட்காத சத்தம் ஒன்றே ஒன்றுதான், அது அம்மாவின் குரல்.

இது 2012-ல். தக்கலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சந்தில் எங்கள் வீடு. கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பிள்ளைக்காக ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். பொதுவாகவே நான் வெப்ராளக்காரி. பதற்றத்துக்கு எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்று பெயர். பால் பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைப்பேன், பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்பே போய் நிற்பேன். அப்படிப்பட்டவளை வேலையும் இல்லாமல், பேசாத பிள்ளைக்கு எதிரில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கூப்பிட்டு எத்தனை தடவை திரும்பினாள் என்று பழைய ரெக்கார்டு நோட்டில் தினமும் கோடு போட ஆரம்பித்தேன். பெரும்பாலான நாள் பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மெதுவாகப் பேசுகிறவர். ஆட்டிசத்தின் அடையாளங்கள் தெரிகின்றன, இப்போதே முத்திரை குத்த வேண்டாம், பயிற்சியை மட்டும் உடனே தொடங்குங்கள் என்றார். பிள்ளையின் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வர மாதங்கள் ஆகும் என்றார்கள். நான் விலங்கியல் படித்தவள் என்று தெரிந்ததும் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்து காட்டினார்.

சினாப்ஸ். பன்னிரண்டு வருஷமாக நான் போர்டில் வரைந்துவந்த அதே படம்தான். ஒரு நரம்பு செல்லின் நுனி, எதிரே இன்னொரு செல், நடுவில் தலைமயிரை ஆயிரம் கூறு போட்டாலும் ஒரு கூறு உள்ளே நுழையாத அளவுக்கு இடைவெளி. இந்தக் கரையிலிருந்து வேதிப்பொருள் கிளம்பி அந்தக் கரையைச் சேரும், செய்தி போய்விடும், பிள்ளைகளுக்கு ஐந்து மார்க் வந்துவிடும். அந்த இரண்டு கரையையும் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

இரண்டு செல்களின் தோலிலிருந்தும் சில புரத மூலக்கூறுகள் அந்த இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவாம். ஒட்டு மூலக்கூறுகள் என்று சொல்லலாம். ஒட்டு என்றதும் நான் பசை என்று நினைத்தேன். பசை யாரையும் யாரோடும் ஒட்டிவிடும், இவை ஆள் பார்த்துப் பிடிப்பவை என்றார் டாக்டர். இந்தக் கரையில் இருப்பது, அந்தக் கரையில் தனக்குப் பொருந்துவதைத் தேடிப் பிடிக்கும். அப்படிப் பிடித்த இடத்தில்தான் அனுப்புகிற பக்கத்தில் வேதிப்பைகள் வந்து கூடும், எதிர்ப்பக்கத்தில் வாங்குவதற்கான வாசல்கள் அமையும். பிடித்ததெல்லாம் நிலைக்கும் என்றும் இல்லை. புழக்கம் உள்ளது நிற்கும், மற்றது காலப்போக்கில் விட்டுப்போகும். இந்த மூலக்கூறுகளுக்கான மரபணுக்களில் மாற்றம் இருந்தால் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு, அது மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது என்று முடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் களியக்காவிளை தாண்டும்வரை அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வாசித்த ஒவ்வொரு வரியும் என் பிள்ளையைப் பற்றியதாகவே பட்டது. அதற்கு நடுவில் ஒரு சோதனையைப் பற்றி வாசித்தேன். கண்ணாடித் தட்டில் நரம்பு செல்களை வளர்க்கிறார்கள். அதற்குள் சிறுநீரகத்திலிருந்து வந்த ஒரு செல்லை விடுகிறார்கள். நரம்புக்கும் அதற்கும் ஒரு பந்தமும் இல்லை. ஆனால் அதன் தோலில் இந்த ஒட்டு மூலக்கூறு ஒன்றை மட்டும் வைத்துவிட்டால், பக்கத்து நரம்பு அதைத் தன் ஆள் என்று நம்பி, அதன்மேல் செய்தி அனுப்பும் முனையைக் கட்ட ஆரம்பித்துவிடுகிறதாம். வேடிக்கைதான் என்று நினைத்து கம்ப்யூட்டரை மூடினேன். அதைவைத்து நான் என்ன செய்ய முடியும் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் சந்துக்குத் தினமும் பதினோரு மணிக்கு ஒரு அக்கா மீன் கொண்டுவருவார். கடற்கரைக்காரர். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, தலையில் சருவம் என்கிற அலுமினியப் பாத்திரத்தோடு வீடு வீடாகப் போவார். சாளையோ நெத்தோலியோ அயிலையோ, அன்றைக்குக் கரையில் கிடைத்தது. தலைச்சுமையைத் தனியாக இறக்க முடியாது. அதனால் எந்த வீட்டு வாசலிலும் முதலில் வியாபாரம் பேசமாட்டார். "ஒரு கை பிடிங்க" என்பார். வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, அவர் மறுபக்கம் பிடிக்க, சருவம் தரைக்கு வரும். மீன் வேண்டாதவர்கள் வாசல் கேட்டுக்கே வரமாட்டார்கள். வந்து கை கொடுத்துவிட்டால் வாங்காமல் அனுப்ப முடியாது, அது எங்கள் ஊர் மரியாதை.

என் மகள் திரும்பிப் பார்த்தது அந்த அக்காவின் குரலுக்கு மட்டும்தான். சந்து முனையில் அவர் கூவும்போதே கல்லைப் போட்டுவிட்டு எழுந்து கேட்டுக்கு ஓடுவாள். "ஏட்டி மக்கா, வந்தியா?" என்று அவர் இழுத்துக் கேட்பார். சருவத்தை இறக்கியதும் சின்னச் சாளை ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "பிடி மக்கா, பிடி" என்று சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிடுவார். மகள் அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுச் சருவத்தில் போடுவாள். தினமும் இதே விளையாட்டு. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்றவள் நான் குத்துக்கல்லாக நிற்கிறேன், சாளை விற்கிறவருக்கு ஓட்டமா?

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலில் பயிற்சி கொடுத்த பெண் ஒரு யோசனை சொன்னாள். சின்னச் சின்னச் சொல்லாக, தெளிவாக, வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுங்கள் என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். நான் கேட்டுக்கொண்டது வேறு.

நான் குழித்துறையில் பிறந்தவள். மதுரைக்குப் படிக்கப் போனபோது ஹாஸ்டலில் என்னைச் சுற்றி உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டுச் சிரிப்பார்கள். பாட்டுப் பாடுகிறாயா பேசுகிறாயா, நீ மலையாளமா என்பார்கள். மூன்று வருஷத்தில் என் பேச்சிலிருந்த இழுவையைச் சுரண்டி எடுத்துவிட்டேன். வகுப்பில் பேசுகிற தமிழே என் தமிழ் என்று ஆயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு மட்டும் அது கொஞ்சம் திரும்பி வந்தது. மகள் பிறந்ததும், என் பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது என்று, டிவியில் செய்தி வாசிப்பது போல் அவளிடம் பேச ஆரம்பித்தேன். தெளிவாகப் பேசுங்கள் என்றதும் அதுவே வீட்டுச் சட்டமாயிற்று. கணவரோடு பேசும் போனில்கூட நான் அந்தச் சட்டத்தை மீறவில்லை.

மறுநாள் கேட்டில் வைத்து மீன்கார அக்காவிடம் சொன்னேன். பிள்ளையிடம் இந்த இழுவையும் ஏட்டியும் வேண்டாம், புத்தகத்தில் இருப்பது போல் பேசுங்கள், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். டாக்டர் சொல்லவில்லை, அது நான் சேர்த்தது. அவர் கோபப்படவில்லை. பிள்ளைக்கு நல்லது என்றால் செய்யலாமே, கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவள்தானே நான் என்றார்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு சந்தில் கூவல் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று அவர் பூசைக்கு வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, "குழந்தையே, வந்தாயா? இதோ மீன். பெற்றுக்கொள்" என்றார். மதிலோரத்தில் மகள் கல்லை உரசிக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் சொன்னார். மகள் தலையைத் தூக்கவில்லை. நான் ஒரு பக்கம் பிடிக்க, சருவத்தை இறக்கினோம், மீனை வாங்கினேன், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிள்ளைக்கு இருந்த ஒரே பிடிப்பும் போய்விட்டது, நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். அழுதுகொண்டே திருவனந்தபுரத்துக்கு ஓடினேன். வீட்டில் ஏதாவது மாறியதா, யாராவது போனார்களா வந்தார்களா என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. மீன்காரி வராததை ஒரு மாற்றம் என்று யார் கணக்கில் எடுப்பார்கள்? அந்த நாட்களில் மகள் பதினோரு மணிக்குத் தானாகவே கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மதிலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள்.

கணவர் வேலை முடிந்து தினமும் கூப்பிடுவார். அன்றைக்கு நான் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, ஏழு நாட்களாக ஒரு கோடும் இல்லை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"நீ இப்ப யாருக்க பாஷையில பேசுத?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு மூணு வாரமா நீ நியூஸ் வாசிக்குத மாதிரியாக்கும் பேசுத. போன எடுத்தா இது நீதானான்னு எனக்கே தெரியல்ல. பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு பேசுவது எளிது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். டாக்டரின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கரை, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகள். ஆள் பார்த்துப் பிடிப்பவை என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. என் பிள்ளை பிடித்துக்கொள்ளத் தேடிய முகத்தை மூன்று வருஷமாக நான்தான் மூடி வைத்திருக்கிறேனோ என்று தோன்றியது. மூடாத முகத்தோடு வந்த ஒரே ஆளையும் வாசலிலேயே திருத்தி அனுப்பிவிட்டேன். நரம்பே அல்லாத செல் அந்த அக்காதான். பந்தமும் இல்லை, படிப்பும் இல்லை, ஆனால் பிள்ளைக்குத் தேவையானது அவரிடம் இருந்தது. அன்றைக்கு வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கடற்கரையிலிருந்து வருகிற பஸ் எது என்று தெரியாது. வெள்ளனவே போய், வந்த ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். அவர் இறங்கினார். என்னைக் கண்டதும் சருவத்தைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். இப்போது வேறு தெருவுக்குப் போகிறேன், அங்கேயும் ஆள்கள் வாங்குகிறார்கள் என்றார். வரும் வழியெல்லாம் நல்ல தமிழில் ஒரு மன்னிப்பு தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"அக்கா, தப்பு எனக்கதாக்கும். பிள்ளை நேரம் தப்பாம கேட்டுல வந்து நிக்குவா. நீங்க வரணும்" என்றேன்.

அவர் சருவத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒங்களுக்கும் இந்தப் பேச்சு வருமா டீச்சரே?"

வேறொன்றும் கேட்கவில்லை. சும்மாட்டுத் துணியைத் தலையில் வைத்து, "செரி, ஒரு கை பிடிங்க" என்றார். சருவத்தை நான் ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தேன். என் சேலையில் மீன் தண்ணீர் வடிந்தது. நான் துடைக்கவில்லை.

அன்றைக்கே பதினோரு மணிக்கு கூவல் கேட்டது. மகள் கல்லைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். அதற்குப் பிறகு நான் வீட்டில் குழித்துறைக்காரியாகவே பேசினேன். முதல் நாட்களில் என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. அந்த ஹாஸ்டல் சிரிப்பு காதுக்குள் கேட்கும். ஏட்டி மக்கா என்று கூப்பிட்டுவிட்டு, மதிலுக்கு அப்பால் யாராவது கேட்கிறார்களா என்று பார்ப்பேன். மகள் என் பக்கம் உடனே திரும்பிவிடவில்லை. கதையில்தான் அப்படியெல்லாம் நடக்கும். நோட்டில் சில நாள் ஒரு கோடு, சில நாள் ஒன்றுமில்லை.

நடுவில் சோதனை முடிவு வந்தது. உறையைப் பிரிக்கக் கை வராமல் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டு மூலக்கூறு ஒன்றின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்துக்கு என்ன பொருள் என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். அடுத்த பக்கத்தில், அதே எழுத்து தாயிடமும் மாறியிருக்கிறது என்றிருந்தது. ஐயோ, நான் கொடுத்ததுதானா என்று கேட்டுவிட்டேன். டாக்டர் சிரித்தார். அதே மாற்றத்தோடு நீங்கள் பன்னிரண்டு வருஷம் வகுப்பு எடுத்திருக்கிறீர்களே, அதனால் இதையே குற்றவாளி என்று சொல்ல முடியாது என்றார். வீட்டுப் பேச்சு எதுவானாலும் அது இந்த நிலையை உண்டாக்காது, குணமாக்கவும் செய்யாது என்றும் நான் கேட்காமலே சொன்னார். ஆனால் பிள்ளை வந்து பிடித்துக்கொள்கிற மாதிரி நீங்கள் எதிரில் இருக்க வேண்டும், அது யாருக்கும் வேண்டியதுதான் என்றார். என் பயம் போகவில்லை. கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

விடுப்பு முடிய இரண்டு மாதம் இருந்தது. நான் பள்ளிக்குப் போய்விட்டால் பகலெல்லாம் இவள் யாரோடு இருப்பாள், யாரைத் திரும்பிப் பார்ப்பாள் என்று அந்த ஐப்பசியில் நாள் முழுக்க அதே நினைப்பு. அப்படி ஒரு நாள் பதினோரு மணிக்கு அக்கா வந்தார். மழை விட்டிருந்தது, முற்றம் ஈரமாக இருந்தது. மகள் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "ஒரு கை பிடிங்க" என்றார் அக்கா. நான் வழக்கம்போல் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சருவத்தின் விளிம்பில் கை வைத்தேன். கவனம் கையில் இல்லை. சருவம் என் பக்கம் சாய்ந்தது.

கீழேயிருந்து, "பிடி" என்று ஒரு குரல் கேட்டது.

குனிந்து பார்த்தேன். மகள் அண்ணாந்து நின்றாள். பார்வை என் காதைத் தாண்டிப் போகவில்லை. என் முகத்தில் நின்றது.

"பிடீ" என்றாள் மறுபடியும். அக்காவைப் போலவே, எங்கள் ஊரே பேசுவது போலவே இழுத்துச் சொன்னாள்.

நான் கையை விட்டுவிட்டேன். சருவம் கவிழ்ந்து முற்றமெல்லாம் சாளை. பதறிப்போய் ஈரத்தில் உட்கார்ந்து அள்ளத் தொடங்கினேன். அக்கா என் தோளைத் தொட்டார்.

"மீன் கெடக்கட்டு டீச்சரே. பிள்ளை ஒங்களையாக்கும் பாக்குதா."

அடுத்த சொல் வருவதற்குக் கிறிஸ்துமஸ் ஆயிற்று. அதற்கடுத்தது வருவதற்குள் நான் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். இன்றும் அவள் பேசுவது குறைவுதான், இன்றும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்புவாளா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ரெக்கார்டு நோட்டில் கோடு போடுவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன். அன்றைக்கு ஈர முற்றத்தில் அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். கீழே கிடந்த சாளை ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மீன் நழுவப் பார்த்தது. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.